‘டெம்பரரிதான்’ என்று நீ போனில் சொன்னது பற்றி

ஜெரோம்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பதில் சொல்லாமல் இருந்ததை நீ தப்பாக எடுத்துக்கொண்டாய் என்று உன் அம்மா சொன்னாள். “அப்பாவுக்குப் பிள்ளையைப் பாத்துக்க இஷ்டமில்ல போல” என்று நீ ஷைனியிடம் சொல்ல, ஷைனி அதைத் தன் மாமியாரிடம் சொல்ல, உன் அம்மா அதை என் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து என் முன்னால் வைத்தாள். நம் வீட்டில் எந்தச் செய்தியும் நேராக வந்ததே இல்லை. இந்த முறையாவது நேராகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் நம் எலக்ட்ரிக்கல் கடையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்து, எஸ்டிமேட் போடுகிற பேடில் எழுதுகிறேன். காலையிலிருந்து மழை, ஒரு பல்பு வாங்கக்கூட ஆள் வரவில்லை. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன். பிறகு உன் அம்மாவிடமும் காட்டுவேன். அதற்கப்புறம் அவள் என்னோடு எத்தனை நாள் பேசமாட்டாள் என்று தெரியவில்லை. பரவாயில்லை, அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். ஷைனிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. நீயும் கூடப் போய் வேலை தேடப்போகிறாய். வீடு அமைந்து, எல்லாம் சரியாகும்வரை ஈவா எங்களிடம் போர்ட் பிளேரில் இருக்கட்டும் என்று கேட்டாய். நாலு வயதுப் பிள்ளை, இரண்டு கிழங்கள், தீவில் நல்ல காற்று, பெரிய ட்ராஃபிக் கிடையாது. எல்லாம் சரி. கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தாய்: “ஆறு மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருஷம்பா. டெம்பரரிதான்.” அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. நான் உனக்குச் சொன்ன வார்த்தை அது, அதே குரலில், கொஞ்சம் சிரித்துக்கொண்டு. நான் சொன்னபோது உனக்கு எட்டு வயது. உனக்கு அது ஞாபகம் இருந்து சொன்னாயா, இல்லை வாயில் தானாக வந்ததா என்று நாலு நாளாக யோசிக்கிறேன். தானாக வந்திருந்தால் அதுதான் இன்னும் மோசம்.

தற்காலிகம் என்று தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. பேப்பரில் வரும், நோட்டீஸ் போர்டில் வரும். வீட்டில் யார் பேசுகிறார்கள்? நாம் டெம்பரரி என்றுதான் சொல்லுவோம். தீவில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லோருக்கும் அதே சொல்தான், மொழிபெயர்க்கவே வேண்டாம். பல் டாக்டர் டெம்பரரியாக அடைத்து அனுப்புவார். புது ஸ்கூட்டருக்கு டெம்பரரி நம்பர். துறைமுகத்துக்குள் வேலைக்குப் போனால் சட்டையில் டெம்பரரி பாஸ். இவற்றில் எல்லாம் ஒரு தேதி இருக்கும். தேதி தாண்டினால் பாஸைக் காட்டினாலும் கேட்டில் விடமாட்டான். அதெல்லாம் யோக்கியமான டெம்பரரி. வீட்டுக்குள் நாம் சொல்லுகிற டெம்பரரிக்குத்தான் தேதி கிடையாது. எதிரில் இருப்பவர் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருக்கத்தான் அதைச் சொல்லுகிறோம். நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், ஒரு முறை இல்லை, ஆயுள் முழுக்க.

நான் இந்த ஊருக்கு வந்ததே டெம்பரரியாகத்தான் என்பது உனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்தில் கடலோரத்தில் பிறந்துவிட்டு, வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆம்பளை நான்தான். அதனால் வயரிங் கற்றுக்கொண்டேன். ஒரு கான்ட்ராக்டர் இங்கே ஒரு லாட்ஜுக்கு வயரிங் செய்ய ஆறு மாதத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். ஆறு மாதத்தில் திரும்புகிற ஆள்தானே என்று ஒரு டிரங்குப் பெட்டியும் பாயும் மட்டும். இன்றைக்கு முப்பத்திரண்டு வருஷம். உன் அம்மாவைக் கல்யாணம் செய்து கூட்டி வந்தபோதும் “அடுத்த வருஷம் ஊருக்குப் போயிருவோம்” என்றுதான் சொன்னேன். அவள் அதை நம்பி, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தெர்மோகோலோடு பரணில் வைத்தாள், திரும்பப் போகும்போது பொருட்களைக் கட்ட வேண்டுமே என்று. ஃபிரிட்ஜ் செத்துப்போய் வேறு ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. பழைய பெட்டி பரணில்தான் இருக்கிறது, கரப்பான்பூச்சிக்கு வாடகை இல்லாத வீடாக. சிரிக்கத்தான் சொல்லுகிறேன். ஆனால் இப்படி இருந்தவர்கள் ஒரு பிள்ளையை வளர்த்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

தொழிலிலும் எனக்கு அந்தப் புத்திதான். மரைன் ஹில் பகுதியில் ரிட்டயர் ஆன ஒரு வங்காளி இருந்தார், நான் தாதா என்று கூப்பிடுவேன், அவர்கள் பேச்சில் அண்ணன். அவர் வீட்டுக் குளியலறையில் கீசருக்கு லைன் கேட்டார். புது வயர் கையில் இல்லை. இரண்டு துண்டை முறுக்கி, டேப் சுற்றி, ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்தேன். “பக்கா வாலா கப் கரோகே, மிஸ்திரி?” என்று கேட்டார், ஒழுங்கான வேலையை எப்போது செய்வாய் என்று. “அக்லே ஹஃப்தே, தாதா. யே தோ டெம்பரரி ஹை” என்றேன். அடுத்த வாரம் என்று நான் சொன்னது, அந்த நிமிஷத்தில் உண்மைதான். பிறகு வேறு வேலை வந்தது, மழை வந்தது, தாதாவும் கேட்கவில்லை, கீசரும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் மருமகளை அந்த இடத்தில் கரண்ட் பிடித்தது. உயிர் பிழைத்தாள், உள்ளங்கை வெந்துபோயிற்று. நான் ஓடிப்போய் நின்றபோது அந்த மனுஷன் கத்தவே இல்லை. “தீன் சால் ஹோ கயா, மிஸ்திரி” என்றார், மூன்று வருஷம் ஆகிவிட்டதே என்று. அவ்வளவுதான். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அந்த வாரத்திலேயே அந்த வீடு முழுக்க வயர் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் டேப் சுற்றிவிட்டு வந்ததில்லை. வயரில் படித்துக்கொண்டேன், ஜெரோம். வீட்டில் படித்துக்கொள்ளவில்லை. அப்போது நீ தூத்துக்குடியில் உன் அத்தை வீட்டில் இருந்தாய்.

சுனாமி வந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. காலையில் பூமி ஆடியதும் உன் அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஷாதிபூர் தெருவில் ஓடியது உனக்கு ஞாபகம் இருக்கும். எட்டு வயதுப் பையனை எப்படித் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நமக்கு உயிர்ச்சேதம் இல்லை, சுவரில் ஒரு விரிசல்தான். ஆனால் பூமி நிற்கவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் சத்தம் போட்டால் நீ எழுந்து வாசலுக்கு ஓடுவாய். சோறு தின்னமாட்டாய். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆள் ஆளுக்குப் பிள்ளைகளைக் கப்பலேற்றி மெயின்லேண்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் உன் அம்மாவும் பேசி, என் ஃபிலோ அக்கா வீட்டில் உன்னை விடுவது என்று முடிவு செய்தோம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, வீட்டில் இடம் இருந்தது, பக்கத்திலேயே கான்வென்ட். “டெம்பரரிதாம்ல. பூமி ஆடுறது நின்னதும் அப்பா வந்து கூட்டிட்டு வந்துருவேன்” என்று உன்னிடம் சொன்னேன். நீ, “என் சைக்கிள யாருக்கும் குடுத்துராதீய, நான் வந்து ஓட்டணும்” என்றாய். அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, ஒரு மாதம் கூட இருந்து திரும்பி வந்தாள். அந்த முடிவு தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்லுவேன். பயந்த பிள்ளையைப் பயமில்லாத இடத்துக்கு அனுப்பினோம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

கேட்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததற்கு. அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்க ஆரம்பித்துவிட்டது. பூமியும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. உன் வகுப்புப் பிள்ளைகள் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். நான் உன்னைக் கூட்டி வரவில்லை. வீடு இழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகைகள் வரிசை வரிசையாகப் போட்டார்கள்; அதற்கும் டெம்பரரி ஷெல்டர் என்றுதான் பெயர், சனங்கள் அதில் வருஷக்கணக்கில் இருந்தார்கள். அந்தக் கொட்டகைகளுக்கு லைன் இழுக்கிற வேலை எனக்கு வந்தது. தீவு தீவாகப் போவேன். அம்மாவும் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். இப்போது உனக்கு உண்மையைச் சொல்லுகிறேன். நீ இல்லாமல் இருப்பது பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் அமைதி. யார் பாடத்தையும் பார்க்க வேண்டாம், யார் காய்ச்சலுக்கும் விழிக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை எஸ்.டி.டி. பூத்தில் உன் குரலைக் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு தகப்பனுக்கு இது பழகும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன். பழகியது.

அடுத்த வருஷம் மே லீவுக்கு வந்தாய். வந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்த்தாய். சைக்கிளைத் தேடுகிறாய் என்று எனக்குப் புரிந்தது. உப்புக்காற்றில் துரு ஏறுகிறதே என்று அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். நீ எங்கே என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேறு வாங்கிக் கொடுத்திருப்பேன். லீவு முடிந்து ஹாடோ ஜெட்டிக்குப் போன அன்று நடந்ததை நீ இதுவரை என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. சென்னைக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு உன்னை அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். நீ கப்பலில் ஏறமாட்டேன் என்று என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாய். அழவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாய். பின்னால் வரிசை நின்றுவிட்டது. “அப்பாவும் வாரேன்ல, ஏறு” என்றேன். உனக்குச் சந்தோஷம். கப்பலில் வேலை பார்த்த தெரிந்த ஆள் ஒருவர் என்னை உள்ளே விட்டார். பங்க் படுக்கையில் உன்னை உட்காரவைத்து, பையைத் தலைமாட்டில் வைத்து, “தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாரேன்” என்று இறங்கி வந்துவிட்டேன். கப்பல் நகரும்வரை ஜெட்டியில் நிற்காமல், ஆட்டோ பிடித்து வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் குடும்பத்து அம்மா பிறகு சொன்னாள், மூன்று நாளும் நீ அந்தப் பங்க்கை விட்டு இறங்கவில்லை என்று, அப்பா வந்தால் இடம் தெரியாமல் தேடுவார் என்றாயாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கே இன்றைக்குத்தான் தெரியப்போகிறது. மன்னித்துவிடு, ஜெரோம். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

உனக்குப் பதினொரு வயது ஆனபோது ஒருநாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போனில் நீ அத்தையை “அம்மா” என்று கூப்பிட்டது உன் அம்மா காதில் விழுந்து, அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் கிளம்பி வந்தேன், கூட்டிக்கொண்டே போய்விடுவது என்று. நீ வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க” என்றாய். வீட்டுக்கு வந்த வாத்தியாரைச் சொல்லுகிற மாதிரி. மறுநாள் காலை புறப்பட வேண்டும். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் அக்கா உன் துணி அத்தனையையும் தொட்டியில் ஊறப்போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சட்டை, நல்ல சட்டை, சாக்ஸ்வரைக்கும். உடுத்த ஒரு துணி பாக்கியில்லை. நீ துண்டைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் நின்றாய்.

“ஏல தம்பி, ஒம் பிள்ளதான், நான் இல்லங்கல. பரீட்ச முடியட்டும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்ல” என்றாள். கை முழுக்கச் சோப்பு நுரை. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் செய்தது திருட்டுத்தனம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும், ஈரத் துணியோடு உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் போடவில்லை. சரி, பரீட்சை முடியட்டும் என்றேன். சொன்னதும் மனதில் ஒரு நிம்மதி வந்தது பார், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பரீட்சை முடிந்தது, அடுத்த பரீட்சை வந்தது. பிறகு உனக்கு அங்கே நண்பர்கள், பிறகு பத்தாம் வகுப்பு, அந்த நேரத்தில் மாற்றக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளையில்லாத வீட்டில் கொண்டுபோய் ஒரு பிள்ளையை விட்டது நான். அவள் உன்னை நன்றாகவே வளர்த்தாள். ஆனால் எட்டு வயதுக்குப் பிறகு நீ எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் விருந்தாளியாகத்தான். போன வருஷம் வந்தபோதுகூட, “அம்மா, ஃபிரிட்ஜத் தொறந்து தண்ணி எடுத்துக்கவா?” என்று கேட்டாய். முப்பது வயதை நெருங்குகிற மகன். அம்மா “எடுத்துக்கோப்பா” என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கனவே துடைத்த அடுப்பை.

உன் கல்யாணத்தில், கோயிலில் பூசை முடிந்து பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கச் சொன்னபோது, நீ நேராக அத்தையிடம் போய் முழந்தாளிட்டாய். நீ யோசித்துச் செய்யவில்லை. கால் போன பக்கம் போனாய். அக்காவே பதறிப்போய், “மொதல்ல அங்க போல” என்று உன்னைத் தள்ளினாள். நீ திரும்பி வந்தபோது உன் அம்மா சிரித்த முகத்தோடு உன் நெற்றியில் சிலுவை போட்டாள். அந்தப் போட்டோ நம் ஹாலில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். அதில் அவள் கையை நான் மட்டும்தான் பார்ப்பேன். நெற்றியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்ட கை.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் தெரியுமா? நீ போனை வைத்த நிமிஷத்திலிருந்து இருபது வயது குறைந்த மாதிரி இருக்கிறாள். “ஏங்க, என்ன ஊமை மாதிரி இருக்கீய? நம்ம பிள்ள வரப்போகுது” என்று என்னைத் திட்டிக்கொண்டே ஒரு அறையைக் காலி செய்துவிட்டாள். குட்டி வாளி, குட்டி கப், முள் இல்லாத மீன் எந்த நாளில் வரும் என்று மீன்காரனிடம் விசாரணை. செவ்வாய்க்கிழமை பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய் ஃபாரம் வாங்கி வந்துவிட்டாள். வந்து சொன்னாள், “நல்ல ஸ்கூலுங்க. பன்னெண்டாங் கிளாஸ் வரைக்கும் இருக்காம்.” ஆறு மாதத்துக்கு வருகிற பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் விட்டுப்போன வருஷங்களை அவள் ஈவாவிடம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அவளைக் குறை சொல்ல நான் யார்?

என் லட்சணத்தையும் கேட்டுக்கொள். அந்த அறைக்கு ஒரு ஃபேனும் ஒரு சின்ன லைட்டும் போடலாம் என்று நேற்று உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். சுவரை வெட்டி, உள்ளே பைப் வைத்து, பிள்ளை கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு சுவிட்சைக் கீழே இறக்கி, நல்ல வயராக இழுத்தேன். சிமென்ட் பூசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது. நான் வயரிங் வேலை செய்கிறவன். ஆறு மாதத்துக்கு எந்த மிஸ்திரியும் சுவரை வெட்டமாட்டான்; மேலாக ஒரு பட்டியை அடித்து வயரை இழுத்துவிட்டுப் போவான். என் வாய் டெம்பரரி என்று உன்னிடம் ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே என் கை வேறு முடிவு செய்துவிட்டது. பூசி முடித்துக் கரண்டியைக் கழுவி வைத்தேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, “சூப்பரா இருக்குங்க” என்றாள்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஷைனிக்கு இந்த வேலை சும்மா வரவில்லை, எத்தனை பரீட்சை எழுதினாள் என்று எனக்குத் தெரியும். அவள் தனியாகப் போனால் அங்கே குளிரில் கஷ்டப்படுவாள். நீ சென்னையில் பிள்ளையோடு தனியாக இருந்தால் உன் வேலை தள்ளிப்போகும், சில வேளை கைநழுவியே போகும். நான் ஒரு வழி சொல்லுகிறேன், பிடிக்காவிட்டால் திட்டு. ஷைனி முன்னால் போகட்டும். நீ ஈவாவோடு அதே வீட்டில் இரு. சமைக்க, பிள்ளையைப் பார்க்க, வேண்டுமானால் அம்மா சென்னைக்கு வந்து உங்களோடு இருக்கட்டும். நான் இங்கே ஹோட்டலில் தின்றுகொள்வேன், செத்துப்போகமாட்டேன். ஆனால் அந்த வீட்டில் நீ இருக்க வேண்டும். ஈவா காலையில் எழுந்தால் உன் முகம் இருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்ததும் நீயும் ஈவாவும் சேர்ந்து போங்கள். அதற்கு எவ்வளவு காலம் ஆனாலும் ஆகட்டும். தாமதமானால் வேலைதானே போகும். வேறு வேலை கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போனை ஈவா வாங்கினாள், உனக்குத் தெரியும். என்ன கேட்டாள் என்று நீ கவனித்திருக்கமாட்டாய், நீ பக்கத்தில் ஷைனியோடு பேசிக்கொண்டிருந்தாய். “தாத்தா, உங்க வீட்ல எத்தன தடவ தூங்கி எந்திரிச்சா அம்மா வருவாங்க?” என்றாள். நான் பேசாமல் இருந்தது உனக்கு இல்லை, அவளுக்கு. அவளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும், என்னிடம் எண் இல்லை. உன்னிடமும் இல்லை. இருந்திருந்தால் நீ அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டாய், தேதியைச் சொல்லியிருப்பாய்.

எனக்கு இஷ்டம் இல்லை என்று நினைத்தாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது. எனக்கு அவள் வேண்டும். உன் அம்மாவுக்கு வேண்டியதைவிட அதிகமாக வேண்டும். நீ பிள்ளையாக இருந்தபோது நான் பார்க்காமல் விட்டதை எல்லாம் பார்க்க வேண்டும். பயமே அதுதான். நாளைக்கே அவளைக் கொண்டுவந்து விட்டாயானால், நீயும் ஷைனியும் அவளைக் கூட்டிப்போக வருகிற அன்று நான் வாசலில் நின்று நல்லபடியாகவே பேசுவேன். பரீட்சை முடியட்டும் என்பேன், மழை விடட்டும் என்பேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளை இல்லாவிட்டால் தாங்கமாட்டாள் என்பேன். ஈவாவும் அதற்குள் எங்கள் பக்கம்தான் நிற்பாள், உன்னைப் பார்த்து “வாங்க” என்பாள். நான் என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்துதான் சொல்லுகிறேன், ஜெரோம். அவளை நான் திருப்பித் தரமாட்டேன். கொண்டுவந்து விடாதே.

அப்பா